தம்பி மனைவிக்கு 27 வாரம்: குழந்தைத் தடுப்பூசி பற்றி இப்போதே எப்படிச் சொல்வது?

செங்காங் அத்தை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். என் தம்பி மனைவிக்கு இப்போது 27 வாரம், முதல் பிள்ளை. இன்னும் இரண்டு வாரத்தில் வளைகாப்பு. எங்கள் புளோக் பக்கத்தில் உள்ள பல்நோக்கு மண்டபத்தைப் பிடித்திருக்கிறோம். அவளுடைய அம்மா தஞ்சாவூரிலிருந்து வருகிறார். பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதம் வரை இருந்து பார்த்துக்கொள்வதாகத் திட்டம்.

அவள் எல்லாவற்றுக்கும் "அண்ணி, அண்ணி" என்று என்னைத்தான் கேட்பாள். எந்தத் தள்ளுவண்டி வாங்கலாம், மருத்துவமனைப் பையில் என்னென்ன வைக்கலாம், பூண்டுக் குழம்பு எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று தினமும் ஒரு கேள்வி வரும். தடுப்பூசி பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் நிலையில் இருந்தபோது நானும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு இப்போது மூன்றரை வயது. அவன் பிறந்த இரண்டாம் நாள் ஒரு தாதி கட்டிலுக்கு அருகில் வந்து, சுகாதாரக் கையேட்டைத் திறந்து, எந்த மாதம் என்ன ஊசி என்று ஐந்து நிமிடம் விளக்கினார். அன்பாகத்தான் பேசினார். எனக்கோ தையல் வலி, பால் இன்னும் சரியாக இறங்கவில்லை, முந்தின இரண்டு இரவும் தூக்கம் இல்லை. தலையை ஆட்டினேன். கையேடு பைக்குள் போனது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தடுப்பூசிப் பாடம்.

இரண்டாம் மாதம் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தோம். சாயங்காலம் தொடை சிவந்து வீங்கியது. இரவு எட்டு மணிக்கு உடம்பு சுட்டது. அதற்கு முன் நான் கேட்டிராத ஒரு அழுகை, கீச்சென்று. என் அம்மா பயந்துபோய், "பச்சைப் பிள்ளைக்கு ஆறு நோயை ஒரே நேரத்தில் உடம்பில் ஏற்றினால் தாங்குமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது வழக்கமா, ஆபத்தா என்பதும் தெரியவில்லை. விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். மறுநாள் மதியம் அவன் சிரித்துவிட்டான். என் மனசு சிரிக்கவில்லை. நாலாம் மாத ஊசியைத் தள்ளிப்போட்டேன். முதலில் சளி என்றேன், அப்புறம் தீபாவளி என்றேன், அப்புறம் காரணமே சொல்லவில்லை. ஏழாம் மாதம்தான் போனேன். அதற்குள் அவனைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்திருந்தோம். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அரைகுறைப் பாதுகாப்போடு அவனை விட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இவளுக்கு அப்படி ஆகக்கூடாது. எப்போது சொல்வது, எதிலிருந்து தொடங்குவது? பயமுறுத்தவும் கூடாது. சம்பந்தியம்மாவையும் உட்கார வைத்துச் சொல்லலாமா, அது மரியாதைக் குறைவாகப் படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஊசி அறைத் தாதி (ஓய்வு)

தங்கச்சி, பலதுறை மருந்தகத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் அறையில் 19 ஆண்டுகள் இருந்தவள் நான். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களைப் போன்ற தாய்மார் எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாரக்கணக்கில் தூங்காத ஒரு பெண்ணிடம் அட்டவணையை நீட்டுவது எங்கள் பக்கத்துப் பிழை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் அவசரமான ஒன்று. 27 வாரம் என்றீர்கள். அவள் கக்குவான் இருமலுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டாளா என்று இன்றைக்கே கேளுங்கள், வளைகாப்பு வரை காத்திருக்க வேண்டாம். இங்கே கர்ப்பிணிகளுக்கு அதை 16 வாரத்திலிருந்து 32 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஒரு முறை. அதே ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) இரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளைக்கு இதற்கான முதல் ஊசி இரண்டாம் மாதத்தில்தான். அதுவரை அம்மாவின் உடம்பில் உருவாகி நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்பாற்றல்தான் அதற்குக் கவசம். பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் வாரக்கணக்கில் இருமுவார்கள். சில வாரப் பிள்ளைக்கு வந்தால் இருமல் சத்தமே இல்லாமல் மூச்சு நின்றுபோகலாம். சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் போடலாம், அது கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் சரி. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டையும் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அம்மா தன் கையில் ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு, மறுநாள் கை வலித்து, அதற்கு மறுநாள் சரியானால், பிள்ளையின் தொடை வலியும் அப்படித்தான் என்று அவளுக்குத் தானாகவே விளங்கிவிடும். நான் பத்து நிமிடம் பேசி விளங்க வைக்க முடியாததை அந்த ஒரு கைவலி விளங்க வைத்துவிடும்.

அப்புறம் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நோய்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். ஊசி போட்ட அன்று இரவிலிருந்து தொடங்குங்கள். தாய்மார் அறையை விட்டு வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், இன்றைக்கு ராத்திரி என்ன ஆகும்?" அதற்குப் பதில் தெரிந்தவள் அடுத்த மாதம் தவறாமல் வருவாள்.

இப்படிச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் ஊசி தொடையில் போடுவார்கள். போடும் நேரத்திலோ போட்டவுடனேயோ தாய்ப்பால் கொடுத்தால் வலி குறையும், அழுகை சீக்கிரம் அடங்கும். முடிந்ததும் கொஞ்ச நேரம் மருந்தகத்திலேயே உட்காரச் சொல்வார்கள், அவசரப்பட்டுக் கிளம்பக் கூடாது. அரிதாக வரும் ஒவ்வாமை அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும். அன்று சாயங்காலமோ இரவோ காய்ச்சல் வரலாம், ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஊசி போட்ட இடம் சிவந்து, உள்ளே சின்னக் கட்டி போலத் தட்டுப்படலாம். ஈரத் துணியை வைத்தால் போதும். மஞ்சள் பத்து, தைலம், எண்ணெய் எதுவும் அங்கே தடவக் கூடாது, தேய்க்கவும் கூடாது. காய்ச்சல் மருந்து பிள்ளையின் எடையைப் பொறுத்தது. எத்தனை மில்லி என்று தாதியிடம் கேட்டு, கையேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 38 டிகிரியைத் தொட்டால் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் காத்திருக்கவே கூடாது. எல்லை எது என்று தெரிந்தால்தான் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிம்மதியாக இருக்க முடியும்.

உங்கள் அம்மா கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதிலும் இருக்கிறது. ஆறு நோயையும் யாரும் உடம்பில் ஏற்றுவதில்லை. தொண்டை அடைப்பான், இரண ஜன்னி, கக்குவான் இருமல், இளம்பிள்ளை வாதம், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமி, கல்லீரல் அழற்சி பி ஆகிய ஆறுக்கும் அந்த ஊசியில் இருப்பது கிருமியின் துண்டுகள், செயலிழக்க வைத்த நச்சு, செத்த கிருமி. உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. உடம்புக்கு அடையாளம் காட்டி வைக்கிறோம், அவ்வளவுதான். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் பிள்ளை ஒரு நாளில் சந்திக்கும் கிருமிகளோடு பார்த்தால் இது மிகச் சின்ன வேலை.

சம்பந்தியம்மாவைக் கட்டாயம் உட்கார வையுங்கள். பாடம் எடுக்காதீர்கள், முதலில் அவரைக் கேளுங்கள்: "அம்மா, உங்கள் பிள்ளைகளுக்கு ஊசி எங்கே போட்டீர்கள்? காய்ச்சல் வந்ததா? என்ன செய்தீர்கள்?" தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி என்றால் அவர் தலைமுறைக்குத் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து கூப்பிட்ட காலத்தில் பிள்ளை வளர்த்தவர் அவர். பாதி விஷயத்தை அவரே சொல்லிவிடுவார். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன், அவர்தான் இருப்பார். "இது வழக்கம்தான்மா, பாலைக் கொடு" என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "சொட்டு மருந்து எங்கே?" என்று அவர் கேட்பார். எல்லாப் பாட்டிகளும் கேட்டிருக்கிறார்கள். இங்கே இளம்பிள்ளை வாதத்துக்கான மருந்து அந்த ஊசிக்குள்ளேயே இருக்கிறது, தனியாகச் சொட்டு கிடையாது.

---

திருச்சியில் பெற்றவள்

தாதி அக்கா சொன்ன சொட்டு மருந்துக் கேள்வியை என் மாமியாரும் கேட்டார்!

நான் பிரசவத்துக்குத் திருச்சி போனவள். ஐந்து மாதப் பிள்ளையோடு திரும்பி வந்தேன். உங்கள் தம்பி மனைவி இங்கேயே பெறுகிறாள், அவளுக்கு இது வேண்டியிருக்காது. ஊருக்குப் போய்ப் பெறும் தோழிகளுக்காக எழுதுகிறேன். ஊரில் அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரத்தில் ஊசி. இங்கே 2, 4, 6 மாதம். அட்டையைக் கொண்டு போய்க் காட்டினால் எது முடிந்தது, எது பாக்கி என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள். அட்டையில் தேதியும் ஊசியின் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு தேதி மழையில் அழிந்து போய், என் அண்ணன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்து எழுதி வாங்கி அனுப்பினார். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொன்று. ஊரில் 9 மாதத்தில் தட்டம்மை ஊசி போடுகிறார்கள். அது ஒரு வயதுக்கு முன் போட்டது என்பதால் இங்கே கணக்கில் வராது. 12 மாதத்தில் ஒன்று, 15 மாதத்தில் ஒன்று என்று இரண்டும் போட வேண்டும். வெளிநாட்டில் பிறந்து நீண்டகால அனுமதியில் இங்கே வரும் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, தொண்டை அடைப்பான், தட்டம்மை ஊசிகளுக்கான ஆதாரத்தை 2019 பிப்ரவரியிலிருந்து கேட்கிறார்கள். அதனால் அந்த அட்டை கடப்பிதழ் மாதிரி.

---

ஜூரோங் அப்பா

ஆண்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை, மன்னிக்கவும். செங்காங் அக்கா, உங்கள் தம்பியையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் ஊசி நாளை நினைவு வைப்பது என் பொறுப்பு. மகள் பிறந்த அன்றே 2, 4, 6, 12, 15, 18 மாதம் என்று கைப்பேசி நாள்காட்டியில் போட்டுவிட்டேன். தந்தையர் விடுப்பு 4 வாரம் இருக்கிறது. முதலாளியுடன் பேசி, இரண்டாம் மாத ஊசி நாளுக்கும் மறுநாளுக்கும் இரண்டு நாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று இரவு நான் விழித்திருந்தேன், மனைவி தூங்கினாள்.

பணம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத் தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகள் பலதுறை மருந்தகத்திலும், அரசின் சாஸ் சலுகைத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் இலவசம். 2020 நவம்பரிலிருந்து இப்படி. நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட ஊசியெல்லாம் ஹெல்த்ஹப் என்ற அரசுச் சுகாதாரத் தளத்தில், சிங்பாஸ் என்ற மின்னடையாளம் வழியாகப் பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா ஒருவர் 12 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்று அடிக்கடி அனுப்புகிறார். பெரியவர். எப்படிப் பதில் சொல்வது?

---

ஊசி அறைத் தாதி (ஓய்வு)

தம்பி, அவரிடம் வாதம் செய்யாமல் கதையைச் சொல்லுங்கள். 1998இல் லண்டனில் ஒரு மருத்துவர் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த பயம் இது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதை விலக்கிக்கொண்டது. அந்த மருத்துவரின் உரிமமும் அதே ஆண்டு பறிபோனது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், முடிவு 2019இல் வந்தது. ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஆட்டிசம் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குப் படத் தொடங்கும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. அதனால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது போலத் தோன்றுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் ஒருத்தி என்னிடம் தன்னைத் தானே குற்றம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தப் பொய் அவளுக்குச் செய்த கொடுமையை நான் மறக்கவே மாட்டேன்.

12 மாதத்தில் ஒரே நாளில் மூன்று ஊசி வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை, அம்மைக்கட்டு, ருபெல்லாவுக்கு ஒன்று, சின்னம்மைக்கு ஒன்று, நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு ஒன்று. தட்டம்மை ஊசிக்கான காய்ச்சல் அன்றைக்கே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரலாம், லேசான தடிப்போடு. அது தெரியாமல் பயந்து ஓடி வந்தவர்கள் நிறையப் பேர்.

---

தோ பாயோ பாட்டி

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்கு 74 வயது. 1958இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) நாலு வீடு தள்ளி இருந்த பையன் என்னோடு விளையாடியவன். காய்ச்சல் வந்து போனது, கால் வரவில்லை. அப்புறம் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் நடந்தான். நாங்கள் கோலி விளையாடும்போது அவன் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்வான். மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் என் அம்மா என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

தட்டம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டித் தனியே படுக்க வைப்போம். நானும் கட்டியவள்தான். கும்பிடுவதை நிறுத்தச் சொல்லி எந்தத் தாதியும் என்னிடம் சொன்னதில்லை. ஊசி நாளில் பிள்ளை நெற்றியில் திருநீறு வைத்து அனுப்புவேன். வந்ததும் மடியில் வாங்கிக்கொள்வேன்.

---

செங்காங் அத்தை

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தாதி அக்கா சொன்ன அன்று இரவே தம்பியை அழைத்துக் கேட்டேன். அவள் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார், இவள்தான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று விட்டிருக்கிறாள். போன செவ்வாய், 28 வாரத்தில், போட்டுவிட்டாள். இரண்டு நாள் கை வலித்தது. "அண்ணி, பிள்ளைக்கும் இப்படித்தான் வலிக்குமா?" என்று அவளே கேட்டாள். அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினேன்.

வளைகாப்பு அன்று கூட்டத்தில் எதுவும் பேச முடியவில்லை. எல்லாரும் போன பிறகு, ஐந்து வகைச் சாதத்தில் மீந்ததை டப்பாவில் அடைத்துக்கொண்டே சம்பந்தியம்மாவிடம் நீங்கள் சொன்ன மாதிரி கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய மூத்த பிள்ளை ஆறு வாரத்தில் இருமல் மாதிரி ஏதோ வந்து இறந்து போயிருக்கிறது. என்ன நோய் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லையாம். இந்தப் பெண்ணுக்கே அது இப்போதுதான் தெரியும். "அதுக்கப்புறம் பொறந்ததுங்களுக்கு ஒரு ஊசி விடல. மூணு மைல் தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன்" என்றார். நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கப் போனேனே என்று கண் கலங்கிவிட்டது.

இப்போது கையேட்டை எங்கே வைப்பது, மருந்து அளவை யார் கேட்பது, இரவில் யார் விழிப்பது என்று மூவரும் பேசி முடித்துவிட்டார்கள். மஞ்சள் பத்து கூடாது என்பதை மட்டும் அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

---

புங்கோல் புது அம்மா

இடையில் நுழைகிறேன். என் மகனுக்கு ஐந்து வாரம். பிறந்தபோது போட்ட காசநோய் ஊசி இருந்த இடத்தில் இப்போது சின்னக் கொப்புளம் வந்து சீழ் கோத்திருக்கிறது. மருந்து ஏதாவது போட வேண்டுமா? அம்மா பிழிந்து எடுத்துவிடலாம் என்கிறார்.

---

ஊசி அறைத் தாதி (ஓய்வு)

பிழியாதீர்கள்மா. அந்த ஊசி வேலை செய்கிறது, அதன் வழக்கமே இதுதான். சில வாரத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்து சின்னத் தழும்பாக நிற்கும். மருந்தோ பிளாஸ்திரியோ வேண்டாம். குளிப்பாட்டலாம், ஒற்றித் துடையுங்கள், உரசாத துணி போடுங்கள். அக்குளிலோ கழுத்திலோ கட்டி தட்டுப்பட்டால், அல்லது புண் பெரிதாகிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் மாத ஊசிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டீர்களா?